எல்லா ஜன்னல்களும் திறந்திருந்த ஊர்

ஊர் தொடங்கும் இடத்தில் ஆள் உயரக் கல் ஒன்றைச் சாய்த்து வைத்து, அதன் முன்னால் சாக்கை மடித்துப் போட்டு உட்கார்ந்து, கல்கொத்தர் முதல் வரியைக் கொத்திக்கொண்டிருந்தார். மற்ற வரிகள் இன்னும் சாக்பீஸ் எழுத்துகளாகவே இருந்தன. வேனிலிருந்து இறங்கியவர்கள் கைகால்களை உதறிக்கொண்டு நிற்க, அவள் மட்டும் நேராகப் போய் நான்காவது வரியைப் படித்தாள்.

‘சங்கு ஊதுபவரின் அலட்சியத்தால் இந்த ஊர் பாழானது.’

பெயர் போடவில்லை. போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை, பெயரை மறந்துவிடுவார்கள். ‘சங்கு ஊதுபவர்’ என்றால் அது யார் என்று இந்த ஊர்க்காரர்கள் குடிபோன புதுக்காலனியில் பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரியும். அவர் அவளுடைய அப்பா.

இந்தக் கல்லைப் பற்றிச் சித்திதான் போனில் சொன்னாள். பழைய ஊரைப் பார்க்க இப்போதெல்லாம் வேன் வைத்துக்கொண்டு ஆட்கள் வருகிறார்களாம். அவர்கள் படிப்பதற்காகப் புதுக்காலனி சங்கம் கல் வைக்கப் போகிறதாம். “போய்ப் பார்த்துட்டு வரேன்ப்பா,” என்று அவள் சொன்னபோது அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “பாரு, பாரு. ஜன்னலை எல்லாம் நல்லாப் பாரு,” என்றார்.

எதையும் பார்க்கச் சொல்லி அவளுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. ஆயத்த ஆடை கம்பெனியில் செக்கிங் வேலை. எந்தச் சட்டையையும் உள்பக்கம் திருப்பித்தான் முதலில் பார்ப்பாள். வீட்டிலும் அப்படித்தான். பால் பாக்கெட்டின் தேதி, தம்பி சொல்லும் காரணம், கடைக்காரன் சிரிப்பு எல்லாவற்றையும் திருப்பிப் பார்ப்பாள். “வந்துட்டாங்கய்யா போலீஸ்,” என்பார் அப்பா.

அந்தப் போலீஸ் இத்தனை வருஷத்தில் கேட்காத கேள்வி ஒன்றே ஒன்றுதான். டிவி அலறிக்கொண்டிருக்கும்போதே நாற்காலியில் வாய் திறந்து தூங்கிப்போவார் அப்பா. அதைப் பார்க்கும்போதெல்லாம் அந்தக் கேள்வி அவள் நாக்கு நுனி வரை வரும். அன்றைக்கும் இப்படித்தானா? கேட்டால் ‘இல்லை’ என்பார். அந்த ‘இல்லை’யையும் அவள் உள்பக்கம் திருப்பிப் பார்ப்பாள். அதற்குப் பயந்துதான் கேட்கவில்லை.

“வாங்க, வாங்க. காலைப் பார்த்து வைங்க. பேய் பிடிச்சா எப்படியாவது ஓட்டிக்கலாம், கால் சுளுக்கினா வேன் வரைக்கும் தூக்கிட்டுப் போக இங்க நான் ஒருத்தன்தான் இருக்கேன்.”

வழிகாட்டி. அந்தக் காலத்தில் குவாரி ஆபீஸில் வாட்ச்மேன். எல்லாரும் ‘சாவி’ என்றுதான் கூப்பிடுவார்கள். கதவெல்லாம் மல்லாந்து கிடக்கும் ஊரில் இன்னும் இடுப்பில் ஒரு கொத்துச் சாவி தொங்கியது. சின்ன வயதில் சாவி மாமா என்று அவர் பின்னாலேயே ஓடியவள் அவள். இன்றைக்கு ‘ஐயா’ என்று கூப்பிட்டு, வேனில் வந்த வெளியூர்க்காரியாக நின்றாள். அவர் பார்வை அவள் மேல் ஒரு கணம் தங்கிவிட்டு நகர்ந்தது. தெரிந்துகொண்டாரா, இல்லையா? எடுத்த எடுப்பிலேயே சந்தேகம்.

கூட வந்தவர்கள் மூன்று பேர். போனைக் கீழே வைக்காத புதுத் தம்பதி. வெயிலே இல்லாதபோதும் குடையை விரித்துப் பிடித்த ஒரு பெரியவர். ரிட்டயர் ஆனவராம். பொழுதுபோகாமல் பாழடைந்த ஊர்களாகத் தேடித் தேடிப் பார்ப்பாராம்.

சாவி கதை சொல்லத் தொடங்கினார். அதில் அவர் கெட்டிக்காரர் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

“முதல்ல இங்க ஒண்ணுமே கிடையாது, பெரிய பாறை ஒண்ணுதான். பாறையை உடைக்க ஆள் வந்தான். அவனுக்குச் சோறு ஆக்கிப் போட ஒருத்தி வந்தா. அவளுக்குத் துணி தைக்க டெய்லர் வந்தான். டெய்லர்கிட்ட வம்பு பேச நாலு பேர் வந்தாங்க. ஊருன்னா வேற என்னங்க?”

குடைக்காரர் ரசித்துச் சிரித்தார்.

மேலத்தெரு, நடுத்தெரு, கீழத்தெரு என்று மூன்று தெருக்கள் எழுந்தன. கம்பெனி கட்டிக்கொடுத்த ஒரே அச்சு வீடுகள். குடித்துவிட்டு வந்தவன் அடுத்த வீட்டில் நுழைந்து படுத்த கதைகள் அந்த ஊரில் ஏராளம். ஒரு மளிகைக் கடை, ஒரு சலூன், அரைநாள் மட்டும் டாக்டர் வரும் ஓர் அறை. பாறை குழியாக ஆக ஆக, ஊர் குழியை நோக்கி இறங்கியது. கீழத்தெருவின் கொல்லைப்புறத்தில் நின்றால் குவாரியின் சுவர் முகத்துக்கு எதிரே நிற்கும்.

“வெடி வைக்கிறதுக்கு முன்னாடி சங்கு ஊதணும். அதுக்குன்னே ஒரு ஆள், அதுக்குன்னே மேட்டு மேல ஒரு கொட்டாய். அன்னைக்கு ஊதல. ஊத வேண்டியவன் கொட்டாய்ல நல்ல தூக்கம். வெடிச்சுது. பாறை அப்படியே சரிஞ்சு கீழத்தெரு மேல விழுந்துச்சு. ஒதுங்கக்கூட நேரமில்லாம டெய்லரும் அவர் சம்சாரமும் போய்ச் சேர்ந்தாங்க.” சாவி தொண்டையைச் செருமினார். “எத்தனையோ வருஷம் சங்கு ஊதினவன், ஊதாம விட்டே ஊருக்குச் சங்கு ஊதிட்டான்யா.”

புதுப்பெண் களுக்கென்று சிரித்துவிட்டு, உடனே வாயைப் பொத்திக்கொண்டாள். பலமுறை சொல்லிச் சொல்லி வழவழப்பான வாக்கியம் அது. எங்கே நிறுத்த வேண்டும், எங்கே குரலைத் தாழ்த்த வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம்.

“அவர் தூங்கினதை யாரு பார்த்தா?” என்றாள் அவள்.

“பார்க்கணுமாம்மா? சங்கு காதுல விழலைன்னு ஊரே விசாரணையில சொல்லிச்சு.”

“ஊரேன்னா?”

“ஒருத்தர் விடாம. என்னையும் சேர்த்து.”

அன்று அம்மாவும் அவளும் ஊரில் இல்லை. தம்பி பிறப்பதற்காகப் பெரியம்மா வீட்டுக்குப் போயிருந்தார்கள். தம்பியோடு திரும்பி வருவதற்கு ஊர் இருக்கவில்லை. அப்பா அதைப் பற்றி ஒரே ஒரு முறைதான் பேசியிருக்கிறார். வெடிமருந்தை அளவுக்கு மீறித் திணித்துவிட்டார்களாம். அப்படிச் சொன்னால் கேஸ் முடியும்வரை யாருக்கும் வீடு கிடையாது, சங்கு ஊதவில்லை என்று சொன்னால் புதுக்காலனியில் உடனே வீடு என்று கம்பெனி ஆள் தெருத்தெருவாகச் சொல்லிக்கொண்டு போனானாம். அவள் கேட்டுக்கொண்டாள். முழுசாக நம்பவில்லை. ஓர் ஊர் முழுவதும் சேர்ந்து ஒரே பொய்யைச் சொல்லுமா?

நடுத்தெருவுக்குள் நுழைந்ததும் தம்பதி போனைத் தூக்கினார்கள்.

வீடுகளின் கதவுகளும் ஜன்னல்களும் திறந்து கிடந்தன. ஒன்றிரண்டு இல்லை, தெரு நெடுக எல்லாமே. வாய் பிளந்து பாதியில் நின்றுபோன பேச்சைப் போல இருந்தன அந்த வீடுகள். ஒரு வீட்டு வாசலில் செடி ஒன்று உள்ளேயிருந்து வெளியே எட்டிப் பார்த்தது. சட்டங்களில் கண்ணாடி மிச்சமில்லை. காலடியில் நொறுங்கிக் கிடந்தது.

“போட்டது போட்டபடி ஓடினாங்க,” என்றார் சாவி. “ஒரு கதவைச் சாத்தக்கூட நேரமில்ல. அன்னைக்கு எப்படித் திறந்து கிடந்துச்சோ அப்படியே கிடக்கு. கண்ணாடி எல்லாம் அந்த அதிர்ச்சில தெறிச்சது.”

‘ஜன்னலை எல்லாம் நல்லாப் பாரு.’

அவள் பக்கத்து ஜன்னலருகே போனாள். வெளிப்பக்கமாகத் திறக்கும் கதவுகள். இரண்டும் சுவரோடு ஒட்டி, சுவரில் பதித்த கொக்கியில் மாட்டப்பட்டிருந்தன. அடுத்த வீட்டிலும் கொக்கி. அதற்கடுத்த வீட்டிலும்.

“ஐயா, உயிருக்குப் பயந்து ஓடுறவங்க நின்னு நிதானமா கொக்கி மாட்டிட்டா ஓடுவாங்க?”

குடைக்காரர் அருகில் வந்து குனிந்து பார்த்தார். “அட, ஆமா. எல்லாமே மாட்டியிருக்கு.”

“சங்கு ஊதினா இந்த ஊர்ல என்ன பண்ணுவாங்கன்னு சொல்லுங்களேன் ஐயா,” என்றாள் அவள் சாவியைப் பார்த்து. பதிலையும் அவளே சொன்னாள். “ஜன்னலைத் திறந்து கொக்கி போடுவாங்க. மூடியிருந்தா வெடி அதிர்ச்சில கண்ணாடி உடைஞ்சிடும். சும்மா திறந்து விட்டா காத்துல அடிச்சு உடையும். அதனால சங்குச் சத்தம் கேட்ட உடனே எல்லா வீட்லயும் கொக்கிதான். சங்கே ஊதலைன்னா, தெரு முழுக்க இத்தனை ஜன்னலுக்கும் யாரு கொக்கி மாட்டினா?”

தூரத்தில் உளிச் சத்தம் மட்டும் கேட்டது. டொக், டொக்.

“அப்போ ஊதியிருக்கான்யா!” என்றான் புது மாப்பிள்ளை. போன் இப்போது அவள் பக்கம் திரும்பியிருந்தது.

சாவி கோபப்படுவார் என்று எதிர்பார்த்தாள். மறுப்பார், குரலை உயர்த்துவார். அவரோ துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, “பாயின்ட்டுதான்,” என்றார். “நாலாவது வரிக்கு இன்னும் நேரமிருக்கு. பொறுமையாப் பேசுவோம். நீங்க நல்லா சுத்திப் பாருங்கம்மா. உள்ள போயும் பாருங்க.”

இவ்வளவு சுலபமாக ஜெயித்தது அவளுக்குப் பிடிக்கவில்லை. கேட்ட விலைக்குப் பேரம் பேசாமல் தலையாட்டும் கடைக்காரனைப் பார்த்தால் வரும் அரிப்பு மனசுக்குள் வந்தது.

உள்ளே போனாள்.

கம்பெனி வீடுகள் எல்லாம் ஒரே மாதிரி என்பதால் யாரோ ஒருவருடைய வீடு அவளுடைய வீடாகவும் இருந்தது. இங்கேதான் பாய் சுருட்டி வைக்கும் மூலை. இங்கே அடுப்பு. அடுப்புக்கு மேலே குவாரிப் பக்கத்து ஜன்னல். அதில் கண்ணாடி கிடையாது, கனத்த பலகைக் கதவுகள்தான். அவையும் திறந்திருந்தன. அழகாகக் கொக்கி மாட்டியிருந்தது. வெளியே குவாரிக் குழி, அதன் அடியில் பச்சைத் தண்ணீர்.

அவள் அதைப் பார்த்தபடியே நின்றாள். காதுக்குள் அம்மாவின் குரல் கேட்டது. எத்தனையோ மத்தியானங்களில் கேட்ட குரல். *ஏய், சங்கு ஊதுது பாரு. குவாரிப் பக்கம் சாத்து, தெருப் பக்கம் திற. சீக்கிரம்டி, சோத்துல மண்ணு விழும்!*

குவாரிப் பக்கம் சாத்த வேண்டும். அந்தப் பக்கமிருந்துதான் தூசியும் கல் சில்லும் வரும். அதற்காகத்தான் அங்கே பலகை. சங்கு ஊதியபின் குவாரிப் பக்கத்து ஜன்னலைத் திறந்து வைக்கிற பைத்தியம் அந்த ஊரில் ஒருத்தரும் இல்லை.

அடுத்த வீட்டுக்குள் ஓடினாள். அங்கும் திறந்திருந்தது. அதற்கடுத்த வீட்டிலும். கீலைத் தொட்டாள். விரலில் பிசுபிசுவென்று எண்ணெய். காலியாக இத்தனை வருஷம் கிடந்த ஊரில், புதிய எண்ணெய்.

அப்பா எப்போதாவது ஒரு நாள், பழைய சிநேகிதரைப் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டுக் காலையிலேயே கிளம்பிவிடுவார். செருப்பில் வெள்ளைத் தூசியோடு சாயங்காலம் திரும்புவார். சட்டைப் பையில் தையல் மெஷினுக்குப் போடும் எண்ணெய் டப்பா. “இந்த வயசுல மனுஷனுக்கு எவளோ சிக்கியிருக்கா,” என்று அம்மா பாதி விளையாட்டாகவும் பாதி நிஜமாகவும் சொல்வாள். அம்மா பேச்சைக் கேட்டு அவளும் ஒரு முறை பஸ் ஸ்டாண்டு வரை அப்பாவைப் பின்தொடர்ந்திருக்கிறாள். பஸ் நெரிசலில் தவறவிட்டுவிட்டாள்.

ஊரிலேயே சங்கு ஊதும் நேரத்தில் ஒரு நாளும் வீட்டில் இல்லாத ஆள் ஒருவர்தான். அவர் மேட்டுக் கொட்டகையில் சங்கு ஊதிக்கொண்டிருப்பார். அவர் மேட்டிலிருந்து பார்த்தால் தெருப் பக்கம் மட்டும்தான் தெரியும், வரிசையாக ஜன்னல்கள் திறந்துகொள்வது. பின்பக்கம் என்ன நடந்தது என்று அவருக்குத் தெரியவே தெரியாது. எல்லா ஜன்னலையும்தான் திறப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு, வீடு வீடாக ஏறி எல்லாவற்றையும் திறந்து கொக்கி மாட்டியிருக்கிறார்.

சாட்சி கிடைத்தது என்று நினைத்தாள். சாட்சியைத் தைத்ததே அவர்தான்.

“பார்த்துட்டியா?”

சாவி வாசலில் நின்றார். ‘ங்க’ போய்விட்டது.

“உன் நடையைப் பார்த்ததுமே தெரிஞ்சுதும்மா. அப்படியே உங்கப்பா. எதையோ பிடிக்கப் போற மாதிரி ஒரு நடை.” உள்ளே வந்து குவாரிப் பக்கத்து ஜன்னலில் சாய்ந்துகொண்டார். குரலில் குத்தலே இல்லை. அதுதான் பயமாக இருந்தது. “வருவாரு. யாரும் இல்லைன்னு நினைச்சுக்கிட்டு ஒவ்வொரு வீடா ஏறுவாரு. நான் ஆபீஸ் மாடில உட்கார்ந்து பார்த்துக்கிட்டே இருப்பேன். பாவம், திறந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்.”

“நீங்க ஏன் மாமா தடுக்கல?” வாய் தன்னையறியாமல் பழைய முறையைச் சொல்லிவிட்டது.

“மனசு கேக்கல. வேனில வர்றவங்களுக்கும் பார்க்க நல்லாத்தானே இருக்கு?” அவர் ஜன்னல் பலகையைத் தட்டினார். “இப்ப வெளிய போய் அவங்ககிட்ட இதையும் காட்டணும்னா காட்டறேன். தூங்கினவரு, பொய்ச் சாட்சியும் ஜோடிச்சாருன்னு ஆகும். அந்தப் பையன் வேற போன்ல எடுத்துட்டு இருக்கான். ஊர் உலகமெல்லாம் பார்க்கும். வேண்டாம்மா. நீயும் பேசாம வேன்ல ஏறு, நானும் பேசல. கல்லுல பேரா போட்டிருக்கு?”

அவர் போய்விட்டார். உளிச் சத்தம் நின்று, மறுபடி தொடங்கியது. இரண்டாவது வரியாக இருக்கும்.

அவள் அந்த அடுப்படியில் உட்கார்ந்துவிட்டாள். ஊதியவர் எதற்குப் பொய்யாக ஜன்னல் திறக்க வேண்டும்? தூங்கியவர்தானே திறப்பார்? இல்லை, ஊதியும் யாரும் நம்பாதவரும் திறப்பார். இரண்டில் எது? நாற்காலியில் வாய் திறந்து தூங்கும் அப்பாவின் முகம் கண்ணுக்குள் வந்து போகாமல் நின்றது. வேனில் ஏறிவிடலாம் என்றுதான் எழுந்தாள்.

எழுந்தவள் நின்றாள். தொழில் புத்தி. ஒரு சட்டையில் பிசிறு இருந்தால் தைத்தவள்மேல் தப்பு. ஒன்றாக வந்த லாட் முழுக்க ஒரே இடத்தில் ஒரே பிசிறு இருந்தால் தைத்தவர்களைத் திட்டிப் பிரயோஜனமில்லை, வேறு எங்கோ பார்க்க வேண்டும். ஊரே ஒரே வார்த்தையைச் சொன்னது. சரி, இந்த மாமா? பாவம் என்று விட்டாராம். இத்தனை வருஷமும் அப்பாவைத் தூங்குமூஞ்சியாக்கி வேனுக்கு வேன் கதை சொல்கிறவருக்கு அவர்மேல் எங்கிருந்து பாவம் வந்தது? யாராவது ஜன்னலைப் பற்றிக் கேட்டால் முடிவில் அப்பாவே மாட்டிக்கொள்ளட்டும் என்று விட்டிருக்கிறார். எல்லாரும் இந்த ஜன்னல்களையே பார்க்கட்டும் என்று விட்டிருக்கிறார்.

அப்படியென்றால் பார்க்கக் கூடாதது எது?

வரும்போது கீழத்தெரு முனையில் கயிறு கட்டியிருந்தது. “அந்தப் பக்கம் வேண்டாம், பாம்பு,” என்று சாவி எல்லாரையும் திருப்பிக் கூட்டிவந்தார். பாம்புக்கு நடுத்தெரு என்றால் ஆகாதா என்ன?

அவள் பின்பக்கமாகவே நடந்து, கயிற்றைத் தூக்கி நுழைந்தாள்.

கீழத்தெருவில் பாதிக்கு மேல் தெருவே இல்லை. பாறைகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி, பிரயாணத்தின் நடுவில் அசந்து படுத்துவிட்ட யானைகளைப் போலக் கிடந்தன. அவற்றுக்குக் கடைசியில், ஒரே ஒரு முன்னறை மட்டும் நசுங்காமல் நின்றது. டெய்லர் வீடு. அவளுக்குப் பள்ளிக்கூடப் பாவாடை தைத்துக்கொடுத்த வீடு. கூரை பின்னறைமேல்தான் இறங்கியிருந்தது. இரண்டு பேரும் அந்தப் பின்னறையில்தான் இறந்தார்கள்.

தெருப் பக்கத்து ஜன்னல் திறந்திருந்தது. கொக்கி மாட்டியிருந்தது. துருவேறிக் கொக்கியும் வளையமும் ஒன்றாகிப் போயிருந்தன. இந்தக் கீலில் எண்ணெய் இல்லை. அதைவிட, கண்ணாடி. அழுக்கேறி, பாசி படிந்து, ஆனால் ஒரு கீறல் இல்லாமல் முழுசாக இருந்தது. குவாரிக்கு இவ்வளவு கிட்டத்தில், மூடியிருந்த கண்ணாடியா தப்பியிருக்கும்?

ஜன்னலில் கை ஊன்றி உள்ளே எட்டிப் பார்த்தாள். முன்னறையின் மற்றொரு சுவரில் குவாரிப் பக்கத்து ஜன்னல். சாத்தியிருந்தது. தாழ்ப்பாள் போட்டிருந்தது. வெளியிலிருந்து பாறை வந்து முட்டியதில் பலகைகள் உள்பக்கமாகப் பிதுங்கியிருந்தனவே தவிர தாழ்ப்பாள் விடவில்லை. பாறை அழுத்தும் அந்தத் தாழ்ப்பாளை அன்றிலிருந்து யாரும் போடவோ எடுக்கவோ வழியில்லை. அதன் கீழே தையல் மெஷின். அதன்மேல் நான்கு பக்கமும் தொங்கத் தொங்க ஒரு போர்வை மூடியிருந்தது. வேலை நேரத்தில் எந்த டெய்லர் மெஷினை மூடி வைப்பார்? தூசி வரப்போகிறது என்று தெரிந்தால் மூடுவார். சங்கு ஊதியதும் முதலில் மெஷினைத்தான் மூடுவார்.

குவாரிப் பக்கம் சாத்து, தெருப் பக்கம் திற. அவர்கள் இரண்டு பேரும் எல்லாவற்றையும் சரியாகச் செய்துவிட்டு, வெடிச் சத்தத்துக்காக உள்ளறையில் காத்திருந்திருக்கிறார்கள்.

அவள் தெருமுனைக்கு ஓடிவந்து கத்தினாள். “குடைக்கார சார்! கொஞ்சம் இங்க வாங்க! எல்லாரும் வாங்க!”

சாவிதான் முதலில் வந்தார். மூச்சிரைத்தது. “யாரு உன்னை அங்க போகச் சொன்னது? பாம்பு கிடக்குன்னு சொன்னேனா இல்லியா?”

“பார்த்தேன் மாமா, பாம்பை.”

மற்றவர்கள் கயிற்றைத் தாண்டி வந்தார்கள். அவள் ஒவ்வொன்றாகக் காட்டினாள். கொக்கி, கண்ணாடி, தாழ்ப்பாள், போர்வை. குடைக்காரர் குடையை மடக்கிவிட்டு ஜன்னலுக்குள் தலையை நுழைத்துப் பார்த்தார். வெளியே எடுத்தபோது முகம் மாறியிருந்தது.

சாவி சிரிக்க முயன்றார். “ஏம்மா, இதையும் திறந்து வச்சது உங்கப்பாதான். மத்ததையெல்லாம் திறந்தவருக்கு இது ஒண்ணு திறக்கத் தெரியாதா?”

“உங்கப்பாவா?” என்றான் புது மாப்பிள்ளை. போன் அவள் முகத்துக்கு நேரே வந்தது.

இனி ஒளிக்க ஒன்றுமில்லை. சொல்லாமல் இதை நிரூபிக்கவும் வழியில்லை. அவள் போனைப் பார்த்தே பேசினாள்.

“ஆமா. சங்கு ஊதினவர் என் அப்பா. நடுத்தெரு ஜன்னலெல்லாம் அவர் திறந்ததுதான். அது பொய். யாரும் நம்பலைன்னு அப்படிப் பண்ணிட்டார். சாமான் எடுக்க வந்தவங்க கொக்கி எடுத்துச் சாத்திட்டுப் போன ஜன்னல், கண்ணாடி வருஷக்கணக்கா காத்துல அடிச்சு உடைஞ்சிருக்கும். ஆனா அவருக்கு ஒரு விஷயம் தெரியாது. சங்கு ஊதினா குவாரிப் பக்கம் சாத்தணும்னு தெரியாது. அவர் திறந்த வீட்ல எல்லாம் ரெண்டு பக்கமும் திறந்திருக்கும், போய்ப் பாருங்க. எங்கப்பா இந்த வீட்டுக்கு வந்திருந்தார்னா அந்த ஜன்னலையும் திறக்கப் பார்த்திருப்பார். இங்க அது சாத்தியிருக்கு. தெருப் பக்கம் திறந்து, குவாரிப் பக்கம் சாத்தி, மெஷினை மூடி வச்சது இந்த வீட்டுக்காரங்க. அவங்க காதுல சங்கு விழுந்திருக்கு.” திரும்பினாள். “உங்க காதுல விழலையா மாமா?”

அவர் இடுப்புச் சாவிக் கொத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டார். அது சத்தம் போடாமலிருக்கப் பிடித்ததுபோல் இருந்தது. “ஏங்க, கேக்கிறாங்கல்ல?” என்றாள் புதுப்பெண். அவர் அவளையும் பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் அந்த ஜன்னலையே பார்த்துவிட்டு, திரும்பி, கல் இருந்த திசையில் நடந்தார்.

கல்கொத்தர் மூன்றாவது வரியின் கடைசி எழுத்தில் இருந்தார். அத்தனை பேர் ஊர்வலம் போல வருவதைப் பார்த்து உளியைக் கீழே வைத்தார்.

“என்ன, எதாவது பிழையா? முன்னாடியே சொல்லிடுங்க சாமி. கொத்தினப்புறம் கல்லையும் திருத்த முடியாது, என் முதுகையும் திருத்த முடியாது.”

சாவி தோளிலிருந்த துண்டை எடுத்தார். நான்காவது வரியைத் துடைத்தார். சாக்பீஸ் வெண்மையாகப் பரவி, பிறகு மறைந்தது.

“அப்ப நாலாவது என்ன கொத்தட்டும்?”

“அளவு மீறி வெடி வச்சதால,” என்றாள் அவள்.

கல்கொத்தர் சாவியைப் பார்த்தார். சாவி வேறெங்கோ பார்த்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினார். சாக்பீஸ் அவள் கைக்கு வந்தது. அவளே எழுதினாள்.

வேன்காரர் ஹாரன் அடித்தார். தம்பதி ஏறினார்கள். குடைக்காரர் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு, “நீங்க வரலியாம்மா?” என்றார்.

“நீங்க போங்க சார். இதை முடிக்கட்டும்.”

வேன் போனதும் என்ன நடக்கும் என்று யார் கண்டது? துண்டு ஒன்றுதானே, எதையும் துடைக்கும். கல்கொத்தரின் சாக்குக்குப் பக்கத்தில் அவள் காலை மடக்கி உட்கார்ந்தாள். சாவி சற்றுத் தள்ளி ஒரு கல்லில் உட்கார்ந்தார். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. இருவரும் உளியையே பார்த்தார்கள்.

முதல் எழுத்து ஆழமாக விழுந்தபிறகுதான் அவள் போனை எடுத்தாள்.

“அப்பா, ஒண்ணு கேக்கவா? சங்கு ஊதினா நம்ம வீட்ல எந்த ஜன்னலைத் திறப்போம்?”

அந்தப் பக்கம் டிவி அலறியது. யாரோ அதன் சத்தத்தைக் குறைத்தார்கள்.

“இதென்ன கேள்வி? எல்லாத்தையும்தான்.” கொஞ்சம் தயங்கினார். “ஏன் போலீஸு? தப்பா?”

“தப்புதான்ப்பா,” என்றாள். கண்ணீர் அதுபாட்டுக்கு வந்துகொண்டிருந்தது. துடைக்கவில்லை. உளியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “நல்லவேளை, தப்பு. வந்து சொல்றேன். லேட்டாகும், சாப்பிட்டுப் படுங்க.”